பழைய எண், புதிய எண்

எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மல்டிமீட்டர் இருந்தது. எச்பி 3478ஏ. ஐந்தரை இலக்கம் காட்டும். நான் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தபோதே அதற்கு என்னைவிட சர்வீஸ் அதிகம். முகப்பு பழுப்பேறியிருந்தது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, வலது மூலையில் சிறு மேடாகியிருந்தன. ஆனால் அளவு மட்டும் அப்படியே நிற்கும். புதிதாக வாங்கிய கைமீட்டர்களுக்குள் சண்டை வந்தால் தீர்ப்பு சொல்ல இதைத்தான் கூப்பிடுவோம்.

அதன் முதுகில் 24 முனை கொண்ட அகலமான சாக்கெட் ஒன்று உண்டு. அதிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள் கிளம்பி, ஒரு பழைய கணினிக்குள் செருகிய அட்டைக்குப் போகும். கணினி கேட்கும், மீட்டர் பதில் சொல்லும். ஒருநாள் காலை மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தபோது மீட்டர் எழுந்தது, கணினி எழவில்லை. புதுக் கணினிகளில் அந்த அட்டைக்கான நீளக் குழியே கிடையாது. யுஎஸ்பியில் மாட்டும் ரெடிமேட் இணைப்பிக்கு விலைப்புள்ளி வாங்கினோம். துறைத்தலைவர் அதைப் படித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இந்தக் காசுக்கு இன்னொரு மீட்டரே வாங்கிடலாமேப்பா.”

அந்தத் தாளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

நாமே செய்வோம் என்று இறங்கியது அப்படித்தான். இந்தக் கேபிளில் ஓடும் பேச்சுக்கு ஜிபிஐபி என்று பெயர். 1960களின் பிற்பகுதியில் எச்பி நிறுவனம் தன் கருவிகளுக்காக உருவாக்கியது. 1975இல் ஐஇஇஇ 488 என்ற பொதுத் தரமாயிற்று. 24 கம்பிகளில் எட்டு தரவுக்கு, ஐந்து நிர்வாகத்துக்கு, மூன்று கைகுலுக்கலுக்கு. மீதி எட்டும் தரையும் கவசமும். ஒரே கேபிள் தொடரில் 15 கருவிகள் வரை மாட்டலாம்.

அந்த மூன்று கைகுலுக்கல் கம்பிகளைப் படித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பேசுகிறவன் கையில் ஒரு கம்பி: “தரவு வைத்துவிட்டேன்.” கேட்கிறவர்கள் கையில் இரண்டு: “இன்னும் தயாராகவில்லை”, “இன்னும் வாங்கவில்லை”. பெயர்களே எதிர்மறையில் இருக்கின்றன. காரணம் உண்டு. கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பார்கள். தன் வேலை முடிந்தவர் கையை விடுவார். கடைசி ஆள் விட்டால்தான் கம்பி மேலே எழும். கல்யாணப் பந்தி மாதிரி. நாம் எப்போதோ மோர் குடித்து முடித்திருப்போம். வரிசைக் கோடியில் ஒரு பெரியவர் பாயசத்தை வழித்துக்கொண்டிருப்பார். அவர் இலையை மடிக்கும் வரை யாரும் எழுவதில்லை. வேகமான கருவியும் மந்தமான கருவியும் ஒரே கேபிளில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துவது இந்தப் பந்தி மரியாதையால்தான்.

ரிச்சி தெருவில் ஓர் ஆர்டுயினோ ஊனோ வாங்கினேன். உள்ளங்கை அளவுப் பலகை. நடுவில் ஏடிமெகா 328பி என்ற சில்லு. 32 கிலோபைட் நிரலுக்கு, 2 கிலோபைட் வேலை நினைவுக்கு. எண்ணிட்ட முனைகள் 14, ஏ0 முதல் ஏ5 வரை ஆறு, ஆக 20. கணினியோடு பேச இரண்டு போனால் 18. ஜிபிஐபிக்கு 16. மிச்சம் இரண்டு. ஒண்டுக்குடித்தனம்தான், ஆனாலும் அடங்கிவிட்டது. தரவுக் கம்பிகளில் ஆறை ஏ0 முதல் ஏ5 வரையிலும், மீதி இரண்டை 4, 5 என்ற முனைகளிலும் பற்றவைத்தேன்.

இரண்டு வாரம் மாலை வேளைகளில் வேலை. முதலில் வேலை செய்த கட்டளை எது தெரியுமா? அந்த மீட்டரின் திரையில் 12 எழுத்து வரை நாம் எழுதிக் காட்டலாம். “டி2” என்று அனுப்பி, பின்னாலேயே எழுத்துகளை அனுப்ப வேண்டும். ஆங்கில எழுத்தில் “வணக்கம்” என்று அனுப்பினேன். எத்தனையோ வருடம் எண்களை மட்டுமே காட்டிய திரையில் அந்தச் சொல் வந்து நின்றது. துறைத்தலைவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மீட்டரைத்தான்.

இரண்டு வருடம் ஊனோ ஓடியது. பிறகு வந்தார் ஓர் ஆராய்ச்சி மாணவி. மெல்லிய படலங்களின் மின்தடை வெப்பத்தோடு எப்படி மாறுகிறது என்பது அவர் ஆய்வு. ராத்திரி முழுக்க உலை மெதுவாகச் சூடாகி ஆற வேண்டும். வெப்பக் கட்டுப்படுத்தியோடு தனியாக ஒரு சீரியல் பேச்சு வேண்டும். அளந்ததையெல்லாம் எஸ்டி அட்டையில் எழுத வேண்டும், ஏனென்றால் கணினியை ராத்திரி விட்டுப்போக அனுமதி இல்லை. மிச்சமிருந்த இரண்டு முனையில் இதெல்லாம் எங்கே? எஸ்டி அட்டைக்கு எழுதும் நிரலே 512 பைட் தொட்டி ஒன்றைக் கேட்கும். ஊனோவின் மொத்த வேலை நினைவு 2048 பைட். கால்வாசி அங்கேயே போய்விடும்.

மறுபடியும் ரிச்சி தெரு. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இவ்ளோதானே சார். மெகா எடுத்துட்டுப் போங்க. அதே ஷீல்டு மேலே உட்கார்ந்துக்கும். கோடு அப்படியே ஓடும்.”

மெகா 2560 ஒரு பங்களா. 54 எண்ணிட்ட முனைகள், 16 அனலாக் முனைகள், 256 கிலோபைட் நிரல் இடம், 8 கிலோபைட் வேலை நினைவு, நான்கு சீரியல் வழிகள். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை: நான் செய்து வைத்திருந்த மேற்பலகை அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. கணினியில் பலகையின் பெயரை மட்டும் மாற்றினேன். கம்பைலர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நிரல் ஏறியது. மாணவியிடம் பெருமையாகச் சொன்னேன்:

“பத்து நிமிஷ வேலைம்மா.”

மூன்று நாள் ஆயிற்று.

மீட்டர் நான் அனுப்பிய கட்டளைகளை எல்லாம் தலையாட்டி வாங்கிக்கொண்டது. கைகுலுக்கல் கம்பிகள் ஒழுங்காக ஏறி இறங்கின. ஆனால் திரையில் “நான் கேட்கிறேன்” என்பதற்கான குறி எரியவில்லை. அடுத்த கட்டமாகத் தரவை அனுப்பினால், பந்தியில் யாருமே இல்லாதது போல இரண்டு கம்பிகளும் மேலே நின்றன. பெண் பார்க்க வந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போனபின் பதிலே சொல்லாத சம்பந்தி மாதிரி.

கேபிளைச் சந்தேகப்பட்டேன். பற்றுவைப்பைச் சந்தேகப்பட்டேன். முனைகளை எல்லாம் உரசிச் சுத்தம் செய்தேன். மூன்றாம் நாள், கைமீட்டரை வைத்துத் தரவுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எட்டிலும் ஏறக்குறைய 3.4 வோல்ட். என்ன கட்டளை அனுப்பினாலும் அதே 3.4. அது நான் கொடுக்கும் மின்னழுத்தம் அல்ல. கம்பியை யாரும் தொடாதபோது மீட்டருக்குள் இருக்கும் மின்தடைகள் தாங்கிப் பிடிக்கிற உயரம். இந்தப் பேச்சில் கீழே இழுத்தால்தான் “ஒன்று”. சும்மா விட்டால் “பூஜ்யம்”. மூன்று நாளாக நான் முகவரி, கட்டளை என்று நினைத்து மீட்டருக்கு அனுப்பியதெல்லாம் வெறும் பூஜ்யங்கள். அதுவும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

அன்றிரவு வீடு திரும்பினால் திண்ணையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. பக்கத்தில் தாத்தா ஒருவர்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் பல வீடுகளுக்கு இரண்டு எண்கள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு பழைய எண் 18, புதிய எண் 31. அதே தெருவில் பழைய எண் 31 ஆக இருந்த வீடு ஒன்று உண்டு. அதுதான் அந்தத் தாத்தாவின் வீடு. வெறுமே “31” என்று எழுதி வரும் எங்கள் கடிதங்கள் அவர் வீட்டுக்குப் போகும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கொண்டுவந்து கொடுப்பார். “உங்க 31, எங்க 31 இல்ல சார்,” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்சநேரம் நின்றேன். சில்லுக்குள்ளும் இப்படித்தான். அதன் கால்கள் எட்டெட்டாகச் சேர்ந்து ஒரு தெரு. தெருக்களுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர். பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் பலகை செய்தவர்கள் போட்ட கதவு எண்கள்; சில்லுக்கு அவை தெரியாது. நிர்வாகக் கம்பிகளையும் கைகுலுக்கல் கம்பிகளையும் நான் கதவு எண் சொல்லி இயக்கியிருந்தேன். அவற்றை ஆர்டுயினோவின் நிரல்தொகுப்பு பலகைக்குத் தக்க வீட்டில் சரியாகச் சேர்த்துவிட்டது. ஆனால் தரவுக் கம்பிகளுக்கு வேகம் வேண்டும் என்று, கதவு எண்ணைத் தாண்டி நேரே தெருவின் பெயர் சொல்லி எழுதியிருந்தேன்: ஆறு பிட்டுகள் சி தெருவுக்கு, மேலிரண்டு பிட்டுகளை இரண்டு இடம் தள்ளி டி தெருவுக்கு.

மறுநாள் காலை மாணவியும் நானும் இரண்டு சில்லுகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஊனோவில் ஏ0 முதல் ஏ5 வரை சி தெரு. மெகாவில் அதே ஏ0 முதல் ஏ5 வரை எஃப் தெரு. மெகாவிலும் சி தெரு உண்டு. அது பலகையின் மறுகோடியில் 30 முதல் 37 வரையுள்ள முனைகள். ஊனோவில் 4, 5 என்ற முனைகள் டி தெருவின் நான்காம், ஐந்தாம் வீடுகள். மெகாவில் டி தெருவின் அந்த இரண்டு வீடுகளுக்கும் பலகையில் வாசலே கிடையாது. மூன்று நாளாக என் கடிதங்களில் கால்வாசி, கதவில்லாத வீட்டுச் சுவரில் போய் முட்டியிருக்கிறது.

கம்பைலர் ஏன் கத்தவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. இல்லாத தெருவின் பெயரைச் சொல்லியிருந்தால் அது கத்தியிருக்கும். நான் சொன்ன பெயர்கள் எல்லாம் அங்கேயும் இருந்தன. இல்லாத பெயர் யாரையும் ஏமாற்றுவதில்லை.

பாடம் கற்றுக்கொண்டேன் என்று நினைத்து உடனே அடுத்த தப்பைச் செய்தேன். “நிரல் ஏற்கெனவே சி தெரு என்கிறது, கம்பியையே அங்கே கொண்டுபோய்விடலாம்” என்று மேலிரண்டு பிட்டுகளையும் அங்கேயே திருப்பிவிட்டு, 30ஆம் முனையில் முதல் தரவுக் கம்பி, 31இல் இரண்டாவது என்று வரிசையாகப் பற்றவைத்தேன். இம்முறை கம்பிகள் அசைந்தன. மீட்டர் மட்டும் அதே “ம்”.

மாணவி எங்கிருந்தோ எட்டு எல்இடிகளை ஒரு துண்டுப் பலகையில் பொருத்திக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தரவுக் கம்பிக்கும் ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அனுப்பச் சொன்னார். ஒன்று அனுப்பினேன். முதல் விளக்கு எரிய வேண்டும், எட்டாவது எரிந்தது. இரண்டு அனுப்பினேன், ஏழாவது.

“சார், கண்ணாடியில பார்த்து வயர் பண்ணிட்டீங்க.”

மெகாவில் சி தெருவின் எண்கள் தலைகீழ். பூஜ்யமாவது வீடு 37இல், ஏழாவது வீடு 30இல். நான் அனுப்பிய ஒவ்வோர் எழுத்தும் வலம் இடமாகத் திரும்பிப் போயிருக்கிறது. மீட்டரின் முகவரி 23. “23, நீ கேள்” என்பதற்கான பைட் 00110111. அது போய்ச் சேர்ந்தது 11101100 ஆக. அப்படி ஓர் ஆள் அந்தத் தெருவிலேயே இல்லை. பி போன்ற சில ஆங்கில எழுத்துகள் மட்டும் தப்பிக்கும். பி என்பது 01000010. விகடகவி மாதிரி எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதேதான். இதைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் என் மூன்று நாள் எரிச்சலும் போய்விட்டது.

கடைசியில் ஏ தெருவுக்குக் குடிபோனோம். 22 முதல் 29 வரை. பூஜ்யமாவது வீட்டிலிருந்து ஏழாவது வீடு வரை நேர் வரிசை. ஊனோவில் ஒரு பைட்டை ஆறும் இரண்டுமாகப் பிய்த்து, இரண்டு நடையில் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. இங்கே எட்டும் ஒரே சமயத்தில் போய் நின்றன. ஒன்பது வரி நிரல் ஒரே வரியாயிற்று. பெரிய பலகையின் உண்மையான சுகம் எனக்கு அந்த ஒரு வரியில்தான் தெரிந்தது. கூடுதல் முனைகளும் நினைவும் கடையிலேயே கிடைத்துவிட்டன. இதற்கு மட்டும் பழைய நெருக்கடியில் பழகிய வழக்கத்தை நானாக விட வேண்டியிருந்தது.

இதே மாதிரி இன்னும் இரண்டு பெயர்கள் காத்திருந்தன. அளவு தயாரானதும் மீட்டர் “என்னைக் கவனி” என்று ஒரு கம்பியை இழுக்கும். அந்த அசைவைப் பிடிக்கும் குறுக்கீட்டு வழி எண் 2 ஊனோவில் டி தெருவைக் கவனிக்கிறது. மெகாவில் அதே எண் 2 கே தெருவைக் கவனிக்கிறது. அந்தக் கம்பியை ஏ8க்கு மாற்றினோம், அது கே தெருவின் முதல் வீடு. எஸ்டி அட்டையின் கம்பிகள் ஊனோவில் 11, 12, 13. மெகாவில் அதே வரிசையில் 51, 50, 52. இந்த இரண்டும் ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது.

நாள் கழித்துக் கடித்தது வேறொன்று. அதே கேபிளில் இன்னும் இரண்டு கருவிகளை மாட்டினோம். ஒரு நாள் மெகாவை வைத்திருந்த எங்கள் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் இல்லாதபோது, மூன்று கருவிகளும் ஒன்றோடொன்று பேச முடியாமல் முடங்கின. மின்சாரம் இல்லாத மைக்ரோகண்ட்ரோலர் சும்மா இருப்பதில்லை. அதன் கால்களில் உள்ள காப்பு டயோடுகள் வழியாகக் கம்பிகளை உறிஞ்சிக் கீழே இழுத்துவிடும். போதாததற்கு, இந்தத் தரம் ஒரு கம்பிக்கு 48 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் தெம்பைக் கேட்கிறது. சில்லின் காலுக்கு 40 என்பதே உச்ச வரம்பு. 20ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரு மீட்டர் மட்டும் இருந்த வரை இது வெளியே தெரியவில்லை. இந்த வேலைக்கென்றே உள்ள எஸ்என் 75160, 75161 என்ற இரண்டு சில்லுகளை நடுவில் வைத்தோம். மின்சாரம் போனால் அவை கம்பியிலிருந்து கையை எடுத்துவிடும். யார் பேசுவது, யார் கேட்பது என்று அவற்றுக்குத் திசை சொல்லக் கூடுதல் முனைகள் வேண்டும். ஊனோவில் அதற்கு இடமே இருந்திருக்காது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மாணவி முதலில் கேட்டது தன் அளவீட்டை அல்ல.

“சார், இந்த மீட்டரோட கேலிபிரேஷன் எங்க இருக்கு?”

உள்ளே ஒரு நினைவுச் சில்லில் இருக்கிறது. 256 இடங்கள், ஒவ்வொன்றும் நான்கு பிட். அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரி போனால், சண்டைக்குத் தீர்ப்பு சொல்லும் பெரியவருக்கு நினைவு போய்விடும். கையேட்டில் இல்லாத ஒரு கட்டளையால் அந்த 256 இடங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கலாம். வாங்கி எஸ்டி அட்டையில் எழுதினோம். தாளிலும் அச்சடித்து ஆய்வகப் பதிவேட்டில் ஒட்டினோம். இதை ஊனோவிலேயே செய்திருக்கலாம். இரண்டு வருடம் அந்த மீட்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகுதான் பேட்டரியைத் தொட்டோம். புதுப் பேட்டரியோடு மீட்டர் எழுந்தபோது எதையும் மறந்திருக்கவில்லை.

பெட்டியை மூடும் நாளில் நான் ஓர் அட்டவணை எழுதினேன். முதல் பத்தியில் கம்பியின் பெயர், அடுத்ததில் ஊனோவின் முனையும் தெருவும், அதற்கடுத்ததில் மெகாவின் முனையும் தெருவும். தலைப்பு “பழைய எண் – புதிய எண்”. அதை மூடியின் உட்புறம் ஒட்டினேன். யோசனை என்னுடையதல்ல. நடந்து நடந்து சலித்துப்போன அந்தத் தாத்தா தன் கேட்டில் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தார்: “இது பழைய 31. புதிய 31 எதிர்வரிசையில் ஏழு வீடு தள்ளி.” அதற்குப் பிறகு எங்கள் கடிதங்கள் நேரே வந்தன. அவர் வருவதும் நின்றுவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து ஆயுத பூஜைக்குக் கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மீட்டர் அதே மேசையில் இருந்தது. சந்தன மேடு கொஞ்சம் உயர்ந்திருந்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே மெகா இல்லை, எனக்குப் பழக்கமில்லாத வேறொரு பலகை. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். என் மூன்று பத்திகளுக்கு வலப்பக்கம், இருந்த கொஞ்ச இடத்தில், யாரோ நெருக்கி நெருக்கி நான்காவது பத்தி எழுதியிருந்தார்கள். யார் கையெழுத்து என்று தெரியவில்லை. அதன் தலையில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: “இது 3.3 வோல்ட். பழைய ஞாபகத்தில் 5 கொடுத்துவிட வேண்டாம்.”